பேர் தெரியாதவளுக்கு ஒரு கோப்பை

கிள்ளான்
14.1.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

சிந்து எழுதுகிறேன். நான் நல்ல சுகம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? பிரஷர் மாத்திரையை ராத்திரி மறக்காமல் போடுகிறீர்களா?

போனில் பேசினால் உங்கள் காதுக் கருவி கீச்சிடுகிறது. அதற்காகக் கத்துகிறோம், கத்தினால் சண்டையில் முடிகிறது. "முப்பத்தெட்டு வருஷம் போஸ்ட் ஆபீஸில் இருந்தவனுக்குக் கடுதாசி எழுது" என்று நீங்கள் சொன்னபடியே எழுதுகிறேன்.

இந்த மலாய் நாட்டு மிஷன் ஆஸ்பத்திரி சிறியது, ஐம்பது கட்டில்தான். ஆறு மாதத்துக்குச் சம்பளமில்லாமல் வேலை செய்ய வந்திருக்கிற என்னை ராஜகுமாரி மாதிரி நடத்துகிறார்கள். நர்ஸ் விடுதியில் தனி அறை. ஜன்னலைத் திறந்தால் ரயில் போவது தெரிகிறது. விழுந்து எலும்பு முறிந்தவர்களை மறுபடி நடக்க வைப்பதுதான் இங்கேயும் என் வேலை.

முதல் நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். 'இராஜம்மா வேலாயுதம், வயது 67, இடுப்பு எலும்பு முறிவு' என்று அட்டையில் போட்டிருந்தது. கட்டிலில் ஒரு சீனத்து அம்மாள் படுத்திருந்தார். கட்டில் மாறிவிட்டது என்று நான் அடுத்த கட்டிலைப் பார்த்தேன்.

"எங்க தேடறீங்க மிஸ்ஸி? நான்தான் ராஜம்மா" என்றார் அவர். நெற்றியில் திருநீறு, மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி. "மூஞ்சிய பாக்காதீங்க லா. காதால கேளுங்க."

இங்கே நர்ஸுகளையெல்லாம் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுகிறார்கள், என்னையும் சேர்த்து. பேச்சின் கடைசியில் ஒரு 'லா' போடுவதும் இங்கே வழக்கம். அன்று முழுவதும் எனக்கு அவர் முகமும் அவர் தமிழும் ஒட்டவே இல்லை. இப்படியும் உலகத்தில் உண்டா என்று இருந்தது.

அம்மாவின் கல்லறைக்குப் பூ வைத்தீர்களா?

அன்பு மகள்,
சிந்து


சாயர்புரம்
30.1.2024

அன்பு மகள் சிந்துவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் சுகம். உன் கடிதம் பதினான்காம் நாள் கைக்கு வந்தது. கடல் தாண்டி வருவதற்கு இது தாமதம் என்று சொல்ல முடியாது. முகவரியில் பின்கோடின் கடைசி எண் ஏழு போலவும் ஒன்று போலவும் இருக்கிறது. திருத்தமாக எழுது.

மாத்திரை போடுகிறேன். கல்லறைக்கு ஞாயிறு தோறும் போகிறேன். டிசம்பர் வெள்ளத்தில் சரிந்த சுற்றுச்சுவரை இப்போது கட்டுகிறார்கள். தூத்துக்குடிப் பஸ் பழையபடி ஓடத் தொடங்கிவிட்டது. எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை.

அந்த அம்மாளைப் பற்றி எழுதியிருந்தாய். சீனப் பெண் எப்படி இராஜம்மா ஆனாள் என்று எழுதாமல் விட்டுவிட்டாயே? ஒரு தகவலைத் தொடங்கினால் முடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா


கிள்ளான்
18.2.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம். சுகத்துக்கு ஆவல். உங்கள் கடிதத்தை இராஜம்மாவிடமே வாசித்துக் காட்டினேன். "அப்பா போஸ்ட்மாஸ்டரா? அதான் கேள்வி கேக்குறாரு" என்று சிரித்தார்.

அவர் பிறந்து மூன்றாம் நாள் ஒரு தோட்டத்துத் தமிழ்க் குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டவராம். எடுத்து வளர்த்தவர் பவுனம்மாள். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது பால் எடுக்க மரத்தைக் கீறுகிற வேலை. அந்தக் காலத்தில் இங்கே சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைகளை இப்படித் தமிழர்களிடம் கொடுத்தது உண்டாம். இராஜம்மாவுக்குச் சீனம் ஒரு சொல் தெரியாது. லோரி ஓட்டிய வேலாயுதத்தைக் கட்டிக்கொண்டார். அவர் இப்போது இல்லை. ஒரே மகன் பிரவின், போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் கம்பெனியில் வேலை பார்க்கிறான்.

பிரவினுக்கு ஏப்ரலில் கல்யாணம். பெண் சீனத்துப் பெண், சியூ லிங். "ரெண்டு பேரும் ரெஜிஸ்டர் பண்ணி ஒரு வருஷம் ஆச்சு மிஸ்ஸி" என்றார் அம்மா. அப்படியானால் கல்யாணம் முடிந்துவிட்டதே என்றேன். "இல்லயே! இன்னும் தாலி கட்டலயே" என்றார். இங்கே எல்லாரும் முதலில் அரசாங்கத்தில் பதிந்துவிடுகிறார்கள். சட்டப்படி கணவன் மனைவி. ஆனாலும் தாலி கட்டும்வரை அவரவர் வீட்டில் அவரவர் இருக்கிறார்கள். அதைத் தப்பாகவோ அவமானமாகவோ ஒருவரும் நினைப்பதில்லை. எனக்கு வியப்பாக இருந்தது.

பெண் வீட்டார் ஒன்று கேட்டிருக்கிறார்கள். தாலி கட்டுவதற்கு முந்தின நாள் அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டில் தேநீர்ச் சடங்கு நடக்க வேண்டுமாம். மாமியார் நாற்காலியில் உட்கார, மருமகள் முழங்காலிட்டு ஒரு கோப்பை தேநீர் கொடுப்பாள். மாமியார் வாங்கிக் குடித்தால்தான் அவள் அந்த வீட்டுப் பெண்.

இந்தச் செய்தி வந்த நாளிலிருந்து இராஜம்மா பயிற்சியை நிறுத்திவிட்டார். நாற்காலியிலிருந்து கைப்பிடி இல்லாமல் எழுவதற்குப் பழக்கிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு முறை வரை வந்திருந்தார். இப்போது கேட்டால் "கால் வலிக்குது" என்கிறார். வலி அங்கே இல்லை என்று எனக்குத் தெரிகிறது.

அன்பு மகள்,
சிந்து


சாயர்புரம்
3.3.2024

சிந்துவுக்கு,

சுகம். வெயில் ஏறிவிட்டது.

பதிவுத் திருமணத்தைப் பற்றி நீ எழுதிய பகுதியை ஒரு தடவைதான் படித்தேன். ஊருக்கு ஊர் வழக்கம் இருக்கும். அதை நமக்கு எழுத வேண்டிய அவசியமில்லை.

காதுக் கருவிக்கு பேட்டரி வாங்கத் தூத்துக்குடி போய்வந்தேன். வேறு விசேஷமில்லை.

அப்பா

பின்குறிப்பு: வலி எங்கே இருக்கிறது என்று அந்த அம்மாளிடமே கேட்டாயா?


கிள்ளான்
24.3.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகமா? உங்கள் கோபம் உறையைப் பிரிக்கும் முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அஞ்சல்தலையை இவ்வளவு கோணலாக நீங்கள் ஒட்டி நான் பார்த்ததில்லை. அதைப் பற்றி இப்போது எழுதவில்லை.

நீங்கள் சொன்னபடியே கேட்டேன். இராஜம்மா வீட்டுக்குப் போய்விட்டார். வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு வருகிறார், கைத்தடியோடு. போன சனிக்கிழமை கல்யாணச் சேலை எடுக்க என்னையும் தமிழர் கடைத்தெருவான பிரிக்ஃபீல்ட்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கிள்ளானில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்கும் மேல். தெரு முழுக்க மல்லிகைச் சரமும் சாம்பிராணியும். சேலைக் கடைப் பெண் அவரைப் பார்த்ததும் மலாயில் தொடங்கினாள், பிறகு ஆங்கிலத்துக்குப் போனாள். "தங்கச்சி, அரக்குல மாங்கா பார்டர் எடு. இந்த மூஞ்சிக்கு எடுப்பா இருக்கும்" என்றார் இவர். கடையே திரும்பிப் பார்த்தது.

திரும்பும்போது ரயிலில் கூட்டமில்லை. அப்போதுதான் கேட்டேன். வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சீனத்து ஆளுங்க பத்துப் பேரு முன்னால அந்த நாக்காலில உக்காரணும். என்னைய வேணாம்னு குடுத்தவங்க ஆளுங்க. அவங்க பாஷையில என்னமோ சொல்லுவாங்க, எனக்குப் புரியாது. எங்கம்மா பவுனம்மா என்னைத் தோள்ல போட்டுக்கிட்டு மரம் வெட்டினாங்க. அவங்களுக்கு யாரு தேத்தண்ணி குடுத்தா? நான் உக்காந்தா அவங்களுக்குத் துரோகம் மிஸ்ஸி."

கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த புதன்கிழமை பெண்ணின் அப்பா பிரவினோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். 'தான்' அங்கிள் என்று கூப்பிடுகிறார்கள், தான் என்பது அவர் குடும்பப் பெயர். பக்கத்துப் பண்டமாரானில் கார் பட்டறை வைத்திருப்பவர். நகக்கண்ணில் கிரீஸ் கறை. நான் இராஜம்மாவை நடக்க வைத்துக்கொண்டிருந்தேன். அவரும் இராஜம்மாவும் மலாயில் பேசப் பேச, பிரவின் எனக்கு மெதுவாகத் தமிழில் சொன்னான்.

"என் மகளை உங்கள் வீட்டில் ஏற்றுக்கொண்டீர்கள் என்று எனக்குத் தெரிவதற்கு எங்களிடம் வேறு வழி இல்லை. ஒரு கோப்பைதான்" என்றார் அவர்.

இராஜம்மா கைத்தடியை ஊன்றி நின்றார். "உங்க வீட்டுல பொம்பளப் பிள்ளைய யாருக்காவது குடுத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

பிரவின் முகம் வெளுத்துவிட்டது. சம்பந்தம் முறிந்தது என்றே நானும் நினைத்தேன். தான் அங்கிள் உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"என் அம்மா இரண்டு பேரைக் கொடுத்தாள். எனக்கு மூத்தவர்கள். சாகும்வரை அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் மீன் நறுக்கினால் எங்கள் தலை எண்ணிக்கைக்கு மேல் இரண்டு துண்டு அதிகம் நறுக்குவாள். ஏன் என்று நாங்கள் கேட்டதும் இல்லை. மிஞ்சியதை அவளே கடைசியில் சாப்பிடுவாள்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, அப்பா. கார் பட்டறைக்காரர் ஒருவர், முன்பின் தெரியாத என் முன்னால், இதைச் சொல்லிவிட்டு அழாமல் உட்கார்ந்திருந்தார்.

இராஜம்மா என் பக்கம் திரும்பினார். "மிஸ்ஸி, அந்த எந்திரிச்சு உக்கார்ற எக்ஸசைஸ் இன்னிக்கு எத்தன?" என்று கேட்டார்.

அன்பு மகள்,
சிந்து


சாயர்புரம்
8.4.2024

அன்பு மகள் சிந்துவுக்கு,

சுகம். கடிதம் கிடைத்தது.

மீன் துண்டுகளைப் பற்றி எழுதியிருந்தாய். படித்த அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. வெயில் காரணமாக இருக்கலாம்.

அந்த அம்மாள் கடைசியில் உட்கார்ந்தார்களா என்பதை எழுது. ஒன்றையும் விடாமல் எழுது.

அப்பா


கிள்ளான்
28.4.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். ஒன்றையும் விடாமல் எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

இருபதாம் தேதி சனிக்கிழமை, இராஜம்மாவின் அடுக்குமாடி வீடு. கதவில் மாவிலைத் தோரணம், அதற்கு மேல் சிவப்புத் துணி. காலையில் பிரவின் நண்பர்களோடு பெண் வீட்டுக்குப் போனான். அங்கே தோழிகள் கதவை மறித்துக்கொண்டு, பச்சை மிளகாயைக் கடித்துத் தின்றால்தான் திறப்போம் என்றார்களாம். "நாங்க தமிழாளு, இதெல்லாம் மிளகாயா?" என்று இரண்டாகத் தின்றுவிட்டுக் கண்ணீர் விட்டுக்கொண்டே பெண்ணை அழைத்து வந்தான். அவன் கண் சிவந்திருந்ததைப் பார்த்து எல்லாரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு இராஜம்மா நாற்காலிக்கு நடந்து வரும்வரைதான்.

அரக்குச் சேலை கட்டியிருந்தார். உட்கார்ந்தார். பக்கத்தில் வேலாயுதத்துக்கு ஒரு காலி நாற்காலி. சுவரில் மாலை போட்டுப் பவுனம்மாளின் படம், அதன் கீழே ஒரு சிறு மேசை. பெண் வீட்டார் பன்னிரண்டு பேர், எல்லாரும் எதிரே நின்றார்கள். அவர்களும் இவரும் ஒரே முகம். யாராவது புதிதாக உள்ளே வந்திருந்தால் இவரைத்தான் பெண்ணுக்குச் சொந்தம் என்று நினைத்திருப்பார்கள்.

சியூ லிங் சிவப்பு உடையில் மெத்தை மேல் முழங்காலிட்டாள். பிரவினும் பக்கத்தில் முழங்காலிட்டான். பேரீச்சம்பழம் மாதிரி ஒரு சிவப்புப் பழம் போட்ட இனிப்புத் தேநீர். இரண்டு கையாலும் கோப்பையை நீட்டினாள். பின்னால் நின்ற ஓர் ஆன்டி சீனத்தில் ஏதோ எடுத்துக் கொடுத்தார். சியூ லிங் அதைச் சொல்லவில்லை.

"அம்மா, தேத்தண்ணி குடிங்க" என்றாள்.

தமிழில், அப்பா. 'டீ' என்று கூடச் சொல்லவில்லை. இராஜம்மா என்ன சொல் சொல்வாரோ அதே சொல்.

இராஜம்மா வாங்கினார். ஒரு சொட்டு சேலையில் விழுந்தது. ஒரே மடக்கில் குடித்தார். பெண்ணின் தலையில் கை வைத்து, வாய்க்குள்ளேயே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். தான் அங்கிள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேலாயுதத்தின் காலி நாற்காலியில் ஒரு கோப்பையை வைத்து வணங்கினார்கள். அதோடு முடிந்தது என்று எல்லாரும் அசையத் தொடங்கினார்கள்.

"இரும்மா" என்றார் இராஜம்மா. "எங்கம்மாவுக்கு ஒண்ணு ஊத்து."

ஊற்றினாள். பவுனம்மாள் படத்துக்குக் கீழே வைத்தாள்.

"இன்னொண்ணு ஊத்து."

"யாருக்கு அம்மா?" என்று பிரவின் கேட்டான்.

"பேரு தெரியாது லா" என்றார். "என்னைப் பெத்தவங்களுக்கு."

அந்தக் கோப்பையை யாரும் வைக்கப் போகவில்லை. எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. இராஜம்மா கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். வாங்கியவர் எழுந்தார். கைத்தடி தொடவில்லை, நாற்காலிக் கைப்பிடி தொடவில்லை, கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்தார். விழுந்துவிடுவாரோ என்று நான் பாதி வழி ஓடிவிட்டேன். விழவில்லை. நாலு எட்டு நடந்து, பவுனம்மாளின் கோப்பைக்குப் பக்கத்தில், இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கிற மாதிரி வைத்தார். அந்தச் சீனக் கூட்டம் முழுவதும், யாரும் சொல்லாமலே, குனிந்து வணங்கியது.

ஒன்பது வருடமாக இந்த வேலை செய்கிறேன். ஒரு மனுஷி எழுந்து நிற்பதை இப்படி நான் பார்த்ததே இல்லை. பிரமித்துப் போய் நின்றேன். மறுநாள் கோயிலில் தாலி கட்டினார்கள், மேளம், சாப்பாடு, எல்லாம் நன்றாக நடந்தது. ஆனால் எனக்குள் அந்த நாலு எட்டுதான் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

இனி எழுதுவதைப் படித்துவிட்டு நீங்கள் கடிதத்தைக் கிழித்தாலும் சரி.

நான் அக்காவோடு பேசுகிறேன். மாதம் ஒரு தடவை. சுகுமாறன் அத்தானைக் கட்டிக்கொண்டு அவள் போன பன்னிரண்டு வருடமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். வேறு சாதி, வேறு மதம், ரிஜிஸ்தர் ஆபீஸ் கல்யாணம் என்று நீங்கள் அவளைத் தலைமுழுகினீர்கள். அப்போது எனக்கு வாய் திறக்கத் தைரியம் இல்லை. அம்மா இறந்த அன்று அவள் வந்து தெருவில், பந்தலுக்கு வெளியே நின்றாள். நீங்கள் பார்த்தீர்கள். நானும் பார்த்தேன். நீங்கள் கூப்பிடவில்லை, உங்களுக்குப் பயந்து நானும் கூப்பிடவில்லை. பெட்டி போன பிறகு அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள். உங்கள் மேல் கோபப்பட்டு இவ்வளவு தூரம் வந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. என் மேல்தான் கோபம்.

அவள் பெயரை இந்த வீட்டில் ஒருவரும் எழுதுவதில்லை. நான் எழுதுகிறேன். உஷாராணி.

சிந்து


கிள்ளான்
2.6.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

ஐந்து வாரமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. சுகமா? நேற்றும் முந்தாநாளும் போன் செய்தேன், எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு ரமணி அக்காவிடம் கேட்டதற்கு, அடிக்கடி பஸ் ஏறிப் போகிறீர்கள், வெயிலில் கறுத்துத் திரும்புகிறீர்கள் என்று சொன்னார்கள். எங்கே போகிறீர்கள்? டாக்டரிடமா?

என் மேல் கோபமென்றால் கோபமாகவே இரண்டு வரி எழுதுங்கள். சுகமாக இருக்கிறீர்கள் என்று மட்டும் தெரிந்தால் போதும்.

ஜூலை பத்தாம் தேதி திரும்புகிறேன்.

அன்பு மகள்,
சிந்து


தூத்துக்குடி
18.6.2024

அன்பு மகள் சிந்துவுக்கு,

நான் சுகம். டாக்டரிடம் போகவில்லை. போனை எடுக்காததற்குக் காரணம், எடுத்தால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. பதில் எழுத எட்டுத் தடவை உட்கார்ந்தேன். எட்டையும் கிழித்தேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. டிசம்பர் வெள்ளத்தில், மூன்றாம் நாள், நிவாரணச் சாமான் ஏற்றிய டிராக்டரில் தொற்றிக்கொண்டு தூத்துக்குடி வந்தேன். பிறகு இடுப்பளவு தண்ணீரில் அவள் தெருவரை நடந்தேன். முகவரி எனக்குத் தெரியும். போஸ்ட் ஆபீஸ்காரனுக்கு ஒரு முகவரியைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை. அவள் மொட்டை மாடியில் ஒரு குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். உயிரோடு இருக்கிறாள் என்று பார்த்தேன். கூப்பிட வாய் வரவில்லை. திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகு ஏழெட்டுத் தடவை வந்திருப்பேன். பேட்டரி ஒரு தடவைதான் வாங்கினேன். ஒவ்வொரு தடவையும் தெருமுனைவரை வருவேன், எதிர்க் கடையில் ஒரு சோடா குடிப்பேன், திரும்புவேன்.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பெற்றவளின் பெயர் கூடத் தெரியாத ஒரு அம்மாள், இடுப்பு உடைந்தவள், நாலு எட்டு நடந்திருக்கிறாள். எனக்குப் பெயர் தெரியும், தெரு தெரியும், கதவு எண் தெரியும், பஸ் நேரம் தெரியும். காலும் நன்றாகத்தான் இருக்கிறது.

சனிக்கிழமை காலை வந்து அழைப்பு மணியை அழுத்தினேன். கிரில் கேட்டுக்குப் பின்னால் ஒரு பெண் குழந்தை வந்தது. எட்டு வயது இருக்கும். "யாரு வேணும்?" என்று கேட்டது.

"உஷாராணி" என்றேன். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னபோது என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது.

"அம்மா குளிக்காங்க. நீங்க யாரு?"

என்ன சொல்வது, சிந்து? உன் தாத்தா என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? கடைசியில் "போஸ்ட்மாஸ்டர்" என்றேன்.

"எம்மா, போஸ்ட்மாஸ்டர் வந்திருக்காரு!" என்று அது உள்ளே பார்த்துக் கத்தியது.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. பிறகு ஈரத் தலையோடு அவள் வந்தாள். சாவியைப் போட்டுத் திருப்பினாள், பூட்டு திறக்கவில்லை. குழந்தைதான் சாவியைப் பிடுங்கித் திறந்தது. அவள் அப்பா என்று கூப்பிடவில்லை. "இந்த வெயில்ல நடந்தா வந்திய?" என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம் அவளிடம் சொன்னேன். உன் அம்மாவை எடுத்த அன்று உன்னைக் கூப்பிடாதது நான் செய்த பாவம், அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. வெகுநேரம் அழுதாள். பிறகு அம்மா கடைசியாக என்ன சாப்பிட்டாள் என்று கேட்டாள். சொன்னேன். வலி இருந்ததா என்று கேட்டாள். இருந்தது என்றேன். மூன்று வருடமாக இதைக் கேட்க அவளுக்கு ஆளில்லாமல் வைத்திருந்தவன் நான்.

சுகுமாறன் துறைமுகத்தில் வேலை. அதிகம் பேசாதவர். நான் உட்கார்ந்ததும் மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். குழந்தை பெயர் தாமரை. என்னை இன்னும் போஸ்ட்மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறது. திருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அதற்கே தோன்றும்போது மாற்றிக்கொள்ளட்டும்.

உன் மேல் நீ கோபப்பட வேண்டாம். நீ அன்று சிறியவள் இல்லை என்றாலும், அந்த வீட்டில் வாய் திறக்க முடியாதபடி வைத்திருந்தது நான்.

அந்த அம்மாளுக்கு என் வணக்கத்தைச் சொல். நன்றாக நடக்க வேண்டும் என்று ஜெபிக்கிறேன்.

ஞாயிறு திரும்புவதாக இருந்தேன். விடவில்லை. கீழே உன் அக்காள் எழுத இடம் விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா

சிந்து, அப்பா சாப்பிட்டுட்டு ஹாலில் படுத்துத் தூங்குறாங்க. குறட்டைச் சத்தத்தில் எனக்கு எழுத ஓடவில்லை. நீ நேரே இங்கே வா. — அக்கா